பழைய மியூசிக் பாக்ஸ் சிலிண்டர்ல ஊசி போச்சுன்னா என்ன பண்ணலாம்: நிமிர்த்தறதா, அரக்கு மாத்தறதா, மொத்தமா புதுசா குத்தறதா

முதல்ல ஒன்னு சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம். ஸ்ப்ரிங்ல முறுக்கு மிச்சம் இருக்கும்போது பெட்டிக்குள்ள எந்த ஸ்க்ரூவையும் தொடாதீங்க, அதுலயும் ஓரத்துல குட்டி விசிறி மாதிரி ஒன்னு சுத்துதே கவர்னர், அந்தப் பக்கமே போகாதீங்க. அந்த விசிறி காத்தோட மல்லுக்கட்டறதாலதான் பாட்டு ஊசி குத்தின சிலிண்டர் நிதானமா, கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு ஒரு சுத்துன்னு போகுது. அத கழட்டினீங்கன்னா ஸ்ப்ரிங்கோட மொத்த பலமும் ஒரே மூச்சுல அவுந்து சிலிண்டர் பம்பரமா சுத்தி, ரெண்டு செகண்டுல ஊசியெல்லாம் படுத்துடும், அந்த ஊசி தூக்கி விட்டு ஸ்வரம் எழுப்புற எஃகு சீப்போட பல்லு தெறிச்சு விழும். சேகரிக்கிறவங்க இத 'ரன்'னு சொல்லுவாங்க. பழைய சாமான் கடையில "பாட்டு சரியா வரல, மத்தபடி நல்ல கண்டிஷன்"னு சொல்லி விக்கிற பெட்டியில எத்தனையோ இப்படி ஒரு ரன் ஆகி வந்ததுதான், எவனோ ஒருத்தன் தூசி தட்டலாமேன்னு ஸ்க்ரூ ட்ரைவர எடுத்திருப்பான்.

நான் வாங்கினதும் அப்படித்தான். சுவிட்சர்லாந்துல லோசான் ஊர்ல வேலை பார்த்தப்ப சனிக்கிழமை சந்தையில வாங்கினது, 6 பாட்டு, சிலிண்டர் நீளம் 28 செ.மீ., மூடிக்கு உள்பக்கம் பாட்டு லிஸ்ட் ஒட்டின தாள் பாதி கிழிஞ்சிருந்துச்சு, கம்பெனி பேரு இருந்த பாதிதான் போயிருந்துச்சு. சிலிண்டரோட வலது ஓரத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு ஊசி எல்லாம் காத்துல சாஞ்ச நாத்து மாதிரி ஒரே பக்கமா படுத்துட்டு இருந்துச்சு. இத என்ன பண்றதுன்னு யோசிச்சே நாலு மாசம் போச்சு, அந்த நாலு மாசத்துல படிச்சது, கேட்டது, உடைச்சது எல்லாத்தையும் சேர்த்துதான் இத எழுதறேன்.

ஒவ்வொரு வழியையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்னா அந்த சிலிண்டர் எப்படி செஞ்சதுன்னு கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். அடிப்படையில அது ஒரு பித்தளை குழாய். பாட்டோட கணக்குப்படி மேல புள்ளி குத்துவாங்க, கோலத்துக்கு புள்ளி வைக்கிற மாதிரிதான், ஆனா இங்க ஒரு புள்ளி தள்ளிப் போனா ஸ்வரமே தள்ளிப் போயிடும். ஒவ்வொரு புள்ளியிலயும் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலயும் சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு எஃகு கம்பித் துண்ட கையால சொருகுவாங்க, ஒரு சிலிண்டருக்கு இப்படி ஆயிரக்கணக்குல. சுவிட்சர்லாந்துல ஜூரா மலை மேல சாந்த் க்ருவான்னு ஒரு ஊரு, கடல் மட்டத்துல இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல, இந்தத் தொழிலுக்கு அதுதான் தலைநகரம் மாதிரி, அங்க இந்த ஊசி சொருகற வேலைய பொம்பளைங்க வீட்டுல உக்காந்து செய்வாங்களாம். சொருகி முடிச்சதும் குழாய்க்குள்ள மரப்பிசினும் தூளும் கலந்த ஒரு கலவைய சூடா போட்டு குழாய வேகமா சுத்த விடுவாங்க, சுத்துற வேகத்துல அது உள்சுவர் பூரா ஒரே சீரா படிஞ்சு, ஆறினதும் ஊசியோட வாலையெல்லாம் கெட்டியா பிடிச்சுக்கும். நம்ம ஊர்ல குடைவா செஞ்ச நகைக்குள்ள அரக்கு நிரப்புறாங்கல்ல, ஏறக்குறைய அதே வேலை, அதனால நான் இத அரக்குன்னே சொல்லப் போறேன். கடைசியா எல்லா ஊசியையும் ஒரே உசரத்துக்கு ராவி விடுவாங்க, வெளிய நிக்கிறது கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர்.

இப்ப அந்த 6 பாட்டு எங்க இருக்குன்னு கேட்டீங்கன்னா எல்லாமே அதே சிலிண்டர் மேலதான். சீப்புல ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவுல 3 மில்லிமீட்டர் சொச்சம், அந்த இடத்துக்குள்ள 6 பாட்டோட ஊசி வரிசையும் பக்கத்துல பக்கத்துல நிக்குது, ஒரு பாட்டு முடிஞ்சதும் சிலிண்டர் அரை மில்லிமீட்டர் பக்கவாட்டுல நகர்ந்து அடுத்த வரிசைய பல்லுக்கு நேரா கொண்டு வருது. அரை மில்லிமீட்டர்! 1796ல சீப்பு மாதிரி எஃகு பல்ல வெச்சு ராகம் வர வைக்கலாம்னு காட்டின ஆந்த்வான் ஃபாவ்ர் ஜெனிவாவுல கடிகாரம் செய்யறவரு, அந்தத் தொழில் புத்தி இதுல அப்படியே இருக்கு. பொம்மைன்னு நினைச்சு கை வெச்சா மாட்டிப்போம்.

இந்த அரை மில்லிமீட்டர் கணக்கு தெரிஞ்சா எது கெட்டிருக்குன்னு காதாலயே பாதி கண்டுபிடிச்சிடலாம். மூணாவது பாட்டுல ஒரு ஸ்வரம் காணோம், அதே ஸ்வரம் நாலாவது பாட்டுல தேவையில்லாத இடத்துல 'டிங்'னு வருதுன்னா, ஊசி பக்கவாட்டுல சாஞ்சு பக்கத்து வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்குதுன்னு அர்த்தம். ஸ்வரம் வருது ஆனா முந்தியோ பிந்தியோ வருதுன்னா ஊசி முன்னயோ பின்னயோ சாஞ்சிருக்கு. எல்லாப் பாட்டுலயும் ஒரே ஸ்வரம் ஊமையா இருந்தா அது ஊசியே இல்ல, சீப்புல பல்லு போச்சு. ரெண்டு பாட்டு ஒரே நேரத்துல கலந்து கேக்குதுன்னா அதுவும் ஊசி இல்ல, சிலிண்டர் நகர்ற இடத்துல தேய்மானம், இல்லன்னா சீப்ப யாரோ கழட்டி மாட்டினப்ப கொஞ்சம் தள்ளி மாட்டியிருக்காங்க.

அப்புறம் ஒன்னு இருக்கு, நிறைய பேரு ஏமாறுறது இங்கதான். பாட்டு நடுவுல 'ஸ்ஸீங்', 'கிர்ர்'னு எலி கத்தற மாதிரி சத்தம் வந்தா ஊசி தேஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கறாங்க. பெரும்பாலும் அது டேம்பர். பல்லு இன்னும் அதிர்ந்துட்டு இருக்கும்போதே அடுத்த ஊசி வந்து தொட்டா கரகரப்பு வரும், அது வராம இருக்கத்தான் பல்லு நுனிக்குக் கீழ முடி மாதிரி ஒரு மெல்லிசு கம்பி சுருள் வெச்சிருப்பாங்க, ரொம்ப மேல் ஸ்தாயி பல்லுக்கு கோழி இறகுத் துணுக்கு. அது வளஞ்சாலோ உதிர்ந்தாலோதான் இந்த எலிச் சத்தம். இதுக்காக சிலிண்டர ரிப்பேர் பண்ண அனுப்பினா காசும் போகும், சத்தமும் போகாது.

சரி, இப்ப வழிகளுக்கு வருவோம்.

சும்மா விடறது. சிரிக்காதீங்க, இதுவும் ஒரு வழிதான், நிறைய பெட்டிக்கு இதுதான் சரியான வழியும்கூட. ஆயிரக்கணக்கான ஊசியில பத்து இருபது போனா கேக்குறவங்க காதுக்கு எட்டவே எட்டாது, ஏன்னா பாட்ட அமைச்சவங்க நெருக்கமா அமைச்சிருப்பாங்க, அடிக்கடி வர்ற ஸ்வரத்துக்கு ஒரே சுருதியில ரெண்டு மூணு பல்லு வெச்சிருப்பாங்க (ஒரு பல்லு அடிச்சு ஓயறதுக்குள்ள இன்னொன்னு அடிக்கணுமே, அதுக்காக). சும்மா விடக்கூடாத ஒரே சந்தர்ப்பம், சாஞ்ச ஊசி பல்லு நுனியோட ஓரத்துல போய் சிக்குற மாதிரி இருந்தா. அது பல்ல ஒடச்சிடும், பல்லு ஊசிய விட பல மடங்கு செலவு.

அடுத்தது நிமிர்த்தறது. செலவுன்னு பார்த்தா ஒன்னும் பெருசா இல்ல, நல்ல லூப்பும் (கடிகாரக்காரங்க கண்ணுல வெச்சுக்கிற பூதக்கண்ணாடி), மருந்து போடற சிரிஞ்சு ஊசிய நுனி தட்டையா வெட்டினா கிடைக்கிற சின்ன குழாயும் போதும், அத ஊசி மேல தொப்பி மாதிரி மாட்டி மெதுவா நகர்த்தணும். சீப்ப முன்னாடியே கழட்டி பத்திரமா வெச்சுடணும். பொறுமைதான் இதுல மூலதனம். நான் முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து அவசரத்துல 3 ஊசிய பட்டுன்னு ஒடச்சேன், ஏற்கனவே ஒரு தடவ வளஞ்ச எஃகு, திரும்ப ஒரே மூச்சுல வளச்சா அடியோட முறியுது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, இன்னிக்கு கொஞ்சம் நாளைக்கு கொஞ்சம்னு செஞ்சதுல ஒன்னும் முறியல. இன்னொரு தப்பும் பண்ணினேன், எல்லாத்தையும் செங்குத்தா நிமிர்த்தினேன். நல்லா இருக்கிற இடத்துல லூப் வெச்சு பார்த்தா என் பெட்டியில ஊசி எல்லாமே லேசா ஒரு பக்கம் சாஞ்சுதான் நிக்குது, அது அப்படியே செஞ்சது. அதனால பக்கத்துல இருக்கிற நல்ல ஊசியப் பார்த்து அதே சாய்வுக்கு கொண்டு வாங்க, மனசுக்கு அழகா தெரியற சாய்வுக்கு இல்ல.

முறிஞ்சு போன ஒன்னு ரெண்டு ஊசிய மட்டும் புதுசா வைக்கிறது. பேசும்போது சுலபமா இருக்கும், செய்யும்போது அழுகை வரும். முறிஞ்ச மிச்சம் துளைக்குள்ள கெட்டியா மாட்டிட்டு இருக்கும், அத உள்ள தள்ளணும், தள்ளினா பின்னாடி அரக்கு விரிசல் விடலாம், அப்புறம் புது ஊசிய சொருகி பக்கத்து ஊசி உசரத்துக்கே ராவணும், ராவும்போது பக்கத்துல இருக்கிறத இடிக்காம. சிலர் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிடறாங்க, எனக்கு அது பிடிக்கல, பின்னாடி யாராவது முறையா வேலை செய்ய வந்தா அவங்க நம்மள திட்டுவாங்க. பாட்டோட முக்கிய வரியில, எல்லாருக்கும் தெரிஞ்ச இடத்துல ஸ்வரம் விழுந்திருந்தா மட்டும் தெரிஞ்ச ஆளுகிட்ட கொடுத்து செய்யலாம்.

அரக்கு மாத்தறது. இதப் பத்தி யாரும் அதிகமா பேசறதில்ல, ஆனா எனக்கு ரொம்ப சுவாரசியமானது இதுதான். வீணை வெச்சிருக்கிற வீட்டுல பிறந்தவங்களுக்கு சட்டுனு புரியும். வீணையில 24 மெட்டும் மெழுகுலதான் உக்காந்திருக்கு, வருஷம் போகப் போக மெழுகு இளகி மெட்டு நகர்ந்தா ஸ்வரம் கெடும், அப்ப மெட்டையா குறை சொல்றோம்? ஆள கூப்பிட்டு மேளம் கட்டறோம், அதாவது மெட்ட திரும்ப மெழுகுல சரியா உக்கார வைக்கிறோம். இங்கயும் அதே கதை. ஊசி எல்லாம் நல்லா இருக்கும், பின்னாடி பிடிச்சிருக்கிற அரக்கு காஞ்சு விரிசல் விட்டோ, வெயில்ல இளகி ஒரு பக்கமா வழிஞ்சோ போயிருக்கும். அறிகுறி என்னன்னா சிலிண்டர கழட்டி லேசா ஆட்டினா உள்ள கலகலன்னு துண்டு உருளும், இல்லன்னா பாட்டோட சேர்ந்து ஒரு ஓட்டைப் பாத்திரச் சத்தம் கேட்டுட்டே இருக்கும், ஊசி தளர்ந்து துளைக்குள்ள ஆடற சத்தம் அது. வெயில்ல நிறுத்தின கார் டிக்கியில பெட்டிய விட்டுட்டு போனா இந்த வியாதி வர வாய்ப்பு நிறைய இருக்கு. அதே காரணத்துக்காக சிலிண்டர ஸ்பிரிட்ல முக்கி கழுவறதும் கூடாது, மரப்பிசின் ஸ்பிரிட்ல கரையும், ஊசித் துளை வழியா உள்ள இறங்கினா பிடிப்பே போயிடும்.

அரக்கு மாத்த சிலிண்டரோட ஒரு பக்க மூடிய திறந்து, பழச சூடாக்கி எடுத்து, புதுச போட்டு, லேத்ல சூட்டோட சுத்த விடணும். வீட்டுல ஹீட் கன் வெச்சு செய்யற வேலை இல்ல, அரக்கு இல்லாத அந்த நேரத்துல ஊசிய பிடிச்சிருக்கிறது துளையோட இறுக்கம் மட்டும்தான், நாலு உதிர்ந்தா எது எந்தத் துளையோடதுன்னு தேடிட்டு இருக்கணும். ஆனா ஊசி துருப்பிடிக்காம, நிமிர்ந்து இருந்து, சத்தம் மட்டும் கெட்டிருக்குன்னா, முழுசா ஊசி மாத்தறதுக்கு முன்னாடி இத கேட்டுப் பாருங்க, செலவு அதவிட நல்லாவே குறையும், பழைய ஊசியும் பழைய ஆள் குத்தின இடத்துலயே இருக்கும்.

கடைசி பெரிய வழி, மொத்த ஊசியையும் மாத்தறது, ரீபின்னிங். இது ஆபரேஷன்தான். அரக்க முழுசா எடுத்துட்டு பழைய ஊசிய இரும்ப மட்டும் தின்னுட்டு பித்தளைய விட்டு வைக்கிற கரைசல்ல கரைச்சிடுவாங்க. கடிகாரம் ரிப்பேர் பண்றவங்க பித்தளையில மாட்டிக்கிட்ட எஃகு ஸ்க்ரூவ எடுக்க சூடான படிகாரத் தண்ணிய பயன்படுத்தறாங்கல்ல, சலூன்ல ஷேவிங் முடிஞ்சதும் தேய்க்கிற அதே படிகாரம், அந்த குணத்துலதான் இங்கயும் வேலை நடக்குது. அப்புறம் காலியான ஒவ்வொரு துளையிலயும் திரும்ப ஒவ்வொரு ஊசியா கையால, ஆயிரக்கணக்குல, அப்புறம் அரக்கு, அப்புறம் உசரம் ராவறது. கடைசியில சொன்னேனே அந்த ராவற வேலை, தரம் அங்கதான் தெரியும். நூலளவு உசரம் கூடிப்போனா ஊசி பல்ல தேவைக்கு மேல தூக்கும், சத்தம் முரட்டுத்தனமா வரும், பல்லு நுனி சீக்கிரம் தேயும். குறைஞ்சுபோனா பாட்டு சோகையா, பக்கத்து ரூம்ல யாரோ முணுமுணுக்கற மாதிரி இருக்கும். கூலிய சிலிண்டர் நீளத்துக்கு இன்ச் கணக்குல சொல்லுவாங்க, நல்லா செய்யறவங்க உலகத்துல ரொம்ப கொஞ்சம் பேரு, காத்திருப்பு மாசக்கணக்குல. சாதாரணமான 8 பாட்டு பெட்டிக்கு ரீபின்னிங் கூலியே பெட்டி விலைய தாண்டிடும், இது தெரிஞ்சுக்கிட்டு செய்யணும்.

அப்ப எந்தப் பெட்டிக்கு செய்யலாம்? ஊசி பூரா துருப்பிடிச்சு தொட்டா உதிருதுன்னா வேற வழியே இல்ல. ஈரத்துல வருஷக்கணக்கா கிடந்த பெட்டி அப்படித்தான் இருக்கும். இல்ல, ஜெனிவா நிக்கோல் ஃப்ரேர் கம்பெனி மாதிரி நல்ல பேரு இருக்கிற பெட்டி, சீப்பு முழுசா இருக்கு, ஆனா ரன் ஆகி சிலிண்டர்ல பாதி போச்சுன்னா கொடுக்கலாம். மத்தபடி நான் கொடுக்க மாட்டேன்.

சீப்பு முழுசா இருக்குன்னு சொன்னேன் பாருங்க, நாலு மாசம் யோசிச்சதுல நான் கண்டுபிடிச்சதே அதுதான். சிலிண்டருக்கு என்ன செய்யறதுங்கிறத சிலிண்டர் முடிவு பண்றதில்ல, சீப்புதான் முடிவு பண்ணுது. புது ஊசி எத்தனை அழகா இருந்தாலும் அது தூக்கறதுக்கு பல்லு வேணும், பல்லு அடங்கறதுக்கு டேம்பர் வேணும். சீப்புல இருபது பல்லு இல்லாத பெட்டிக்கு ரீபின்னிங் பண்றது, தந்தி இல்லாத வீணைக்கு மேளம் கட்டற மாதிரி. உல்டாவா சீப்பும் டேம்பரும் நல்லா இருந்தா, சிலிண்டர்ல ஐம்பது ஊசி குறைஞ்சாலும் பெட்டி பாடும், உக்காந்து கேக்கலாம். அதனால கையில பட்ஜெட் ஒன்னுதான்னா முதல் காசு சீப்புக்கு, மிச்சம் இருந்தா அரக்குக்கு, அதுக்கும் மேல இருந்தாத்தான் ஊசி.

வேற சிலிண்டர் வாங்கி மாட்டிடலாமேன்னு ஒரு நண்பர் கேட்டாரு. மாத்தி மாத்தி போடற மாதிரியே செஞ்ச பெட்டி சிலது உண்டு, ஒரே சீப்பு, பல சிலிண்டர், அது வேற. சாதாரண பெட்டியில அந்த சீப்போட சுருதி வரிசையே அந்த சிலிண்டர்ல இருக்கிற பாட்டுக்காக அமைச்சது, வேற சிலிண்டர் அளவுல பொருந்தினாலும் சத்தம் சந்தைக்கடை மாதிரிதான் வரும். ஊசி குத்தற தொல்லையே வேண்டாம், பாட்டையும் மாத்திக்கலாம்னுதான் 1880கள்ல லைப்சிக்ல தட்டு போட்டு பாடற பெட்டிய கொண்டு வந்தாங்க, சிம்ஃபோனியன், அப்புறம் பாலிஃபோன், 1892ல அமெரிக்காவுல ரெஜினா, அதோட சிலிண்டர் பெட்டிக்கு மவுசு குறைய ஆரம்பிச்சுடுச்சு.

நகைப்பெட்டிக்குள்ள பொம்மை சுத்துமே, அந்த 18 பல்லு குட்டி சமாச்சாரத்துக்கு மேல சொன்ன எதுவும் பொருந்தாது. அந்த மலிவு வகையில தனியா ஊசியே கிடையாது, சிலிண்டரோட சேர்ந்த மேடுதான், நிமிர்த்தவும் முடியாது மாத்தவும் முடியாது. ஜப்பான் சாங்க்யோ மாதிரி மெஷின் புதுசாவே கிடைக்குது, வாங்கி மாட்டிடுங்க, பழச ஞாபகத்துக்கு டப்பாவுல போட்டு வைங்க. சாந்த் க்ருவாவுல 1865ல ஆரம்பிச்ச ரூஜ் கம்பெனி பெட்டின்னா அவசரப்படாதீங்க, ஊசி குத்தி செஞ்சதான்னு லூப் வெச்சு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

என் பெட்டிக்கு நான் என்ன பண்ணினேன்னா, ஊசிய நானே நிமிர்த்தினேன், ஆறு வாரம் ஆச்சு. பழசா காணாம போனது, நான் ஒடச்ச 3, எல்லாம் சேர்த்து 14 இடம் காலி, அத அப்படியே விட்டுட்டேன். அரக்கு ஆட்டிப் பார்த்தேன், சத்தம் இல்ல, அதையும் தொடல. சீப்ப மட்டும் தெரிஞ்ச ஆளுகிட்ட கொடுத்து ரெண்டு பல்லு வெச்சு, டேம்பர் எல்லாம் சரி பண்ணி வாங்கினேன், மொத்த செலவுல முக்கால்வாசி அதுக்குத்தான். வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் 6 பாட்டையும் போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன், நீங்களும் பண்ணுங்க, எது உங்களால கெட்டது எது முன்னாடியே கெட்டதுன்னு பின்னாடி சண்டை வராது, உங்களுக்குள்ளயே கூட. வீட்டுல கேக்கிறவங்க யாரும் இதுவரைக்கும் எந்த ஸ்வரம் இல்லன்னு சொன்னதில்ல, எனக்கு மட்டும் ரெண்டாவது பாட்டு முடியற இடத்துல காது அங்க போய் நிக்கும்.

யாருகிட்டயாவது அனுப்பறதா முடிவு பண்ணினா பேக் பண்றதுலதான் பாதி விஷயம் இருக்கு. முறுக்கு கிட்டத்தட்ட தீர்ற வரைக்கும் ஓட விட்டு, ஒரு பாட்டு முழுசா முடிஞ்சு தானா நிக்கிற இடத்துல நிறுத்துங்க. அந்த இடத்துல சிலிண்டர்ல ஊசியே இல்லாத ஒரு கோடு சீப்புக்கு நேரா வந்து நிக்கும், பல்லு எதையும் தொடாது. பாட்டு நடுவுல நின்ன பெட்டியில பல்லு பாதி ஊசி மேல ஏறி உக்காந்திருக்கும், கூரியர்காரர் ஒரு தடவ கீழ போட்டாரு, அவ்வளவுதான். நிறுத்தினதும் விசிறி சுத்தாத மாதிரி மெல்லிசு பேப்பர மடிச்சு இடையில சொருகிடுங்க, மிச்ச முறுக்கு இருந்தா அத இறக்க கடிகாரம் ரிப்பேர் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க, சீப்பு மேல பஞ்சோ துணியோ வைக்காதீங்க, நூல் டேம்பர்ல சிக்கிட்டு வரும்போது டேம்பரையும் கூட்டிட்டு வந்துடும்.